ஆழிக்குமரன் நீந்திய இரண்டு கடல்கள்

பருத்தித்துறையிலிருந்து கரையோர வீதியால் மேற்கு நோக்கிச் செல்பவர்க்கு வலப்புறத்திலே கடல் விட்டகலாது உடன் வரும். பொலிகண்டியைத் தாண்டினால் வல்வெட்டித்துறை. அதற்கப்பால் செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கும் தொண்டைமானாறு. இக்கரை பெரும்பாலும் முருகைக்கற் கரை. கரைக்குச் சற்று அப்பால் நீருள் மறைந்து கிடக்கும் கற்பார், வெளிக்கடலின் அலையைத் தன்மீது வாங்கி உடைத்துவிடுகின்றது. பாருக்கு உட்பட்ட நீர் குளம்போற் கிடக்கும். தலைமுறை தலைமுறையாக இவ்வூர்ப் பிள்ளைகள் கைகால் அடிக்கக் கற்றது அந்தக் குளத்திலேதான். பாருக்கு அப்பாற் செல்லப் பெற்றோரின் அனுமதி கிடைப்பது மீசை அரும்பும் காலத்தில். அனுமதி கிடைக்குமுன்னரே சென்று வந்தவர்கள்தாம் அதிகம் என்று ஊரார் நகைத்துக்கொண்டு கூறுவர்.

இந்தக் கடலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரையில் வாடைக்காற்று. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை வானத்தை நிறைத்துப் பட்டங்கள் ஏறுவது அந்தக் காற்றின் தயவினாலே. வைகாசியிற் சோளகம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் இடையில், பங்குனியிலும் சித்திரையிலும், சில வாரங்களுக்குக் கடல் எண்ணெய் விட்டாற்போல் அடங்கிக் கிடக்கும். பாக்குநீரிணையை நீந்திக் கடக்க எண்ணுவோர் அந்தச் சில வாரங்களுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பர்.

1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அத்தகைய நாள் ஒன்றிலே, தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் நீரில் இறங்கினார். 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையிற் கால் வைத்தார். முப்பது மைலுக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1966 ஏப்ரலில், வங்காளத்து வீரரான மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அவ்வழி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். ஆயினும் அவருக்குச் சென்ற நேரம் 25 மணித்தியாலம் 36 நிமிடம். நிலத்திலே மைற்கல்லைப் பார்த்து நேரத்தைக் கணிக்கலாம். கடலிலே நீரோட்டத்தைக் கேட்டல்லவா கணிக்க வேண்டும்!

இவ்வூரார் கடலுக்கு அஞ்சாதவர் என்பது புதிய செய்தியன்று. இங்கே நம்மவர் கையாற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்வர். கப்பல் போன கதை அப்படியிருக்க, மரமும் பாயும் இன்றி வெறுங்கையோடு போனவரின் கதைதான் நான் சொல்ல எடுத்துக்கொண்டது.

வி. எஸ். குமார் ஆனந்தன் வல்வெட்டித்துறையின் மைந்தர். 1971 ஆம் ஆண்டில் அவர் இக்கரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி, அங்கிருந்து இக்கரைக்கே நீந்தி மீண்டார். போகவும் வரவும் எடுத்த நேரம் 51 மணித்தியாலம். இரண்டு நாட்களுக்கு மேலாக ஒரு மனிதன் உப்புநீரிற் கிடப்பதென்றால் என்னவென்று சற்றே எண்ணிப் பாருங்கள். நாக்கு உப்பினாற் பொங்கித் தடிக்கும். கழுத்தும் கமக்கட்டும் உராய்ந்து புண்ணாகும். பகல் வெயில் முதுகைச் சுடும். இரவிலே சொறிமுட்டைகள் மேனியைத் தழுவிச் சென்ற இடமெல்லாம் நெருப்பாய் எரியும். கண்ணை மூடினால் உறக்கம், உறங்கினால் மரணம். அத்தனையையும் வென்றமையால் அவரைத் தமிழுலகம் 'ஆழிக்குமரன்' என்று அழைத்தது. நீச்சலோடு அவர் நின்றாரல்லர். பந்தைக் குத்துவதிலும், ட்விஸ்ட் நடனம் ஆடுவதிலும், நின்ற நிலையில் நீரை மிதிப்பதிலும் நாட்கணக்காக உடலை வருத்திக் கின்னஸ் புத்தகத்திற் பெயர் பொறித்தார்.

அத்தகையவர் 1984 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற வேளையில் உயிர் நீத்தார். அந்தக் கால்வாயின் அகலம் 21 மைல்.

அறுபது மைலுக்கு மேல் நீந்தி மீண்டவர் இருபத்தொரு மைலில் மாண்டது எங்ஙனம்? இளமையிலிருந்தே இக்கேள்வி என் மனத்தில் முள்ளாய்க் கிடந்தது. தனியொருவரின் மரணத்துக்கு இதுவே காரணம் என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் அந்த இரண்டாவது கடல் எத்தகையது, அதிலே இறங்குவோர் எவ்வாறு தம்மைப் பழக்கிக்கொள்கின்றனர் என்பதை நேரிற் காண ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இலண்டனில் வளர்ந்த என் மருமகன், என் அக்காளின் மகன், கால்வாயை நீந்தப்போவதாக அறிவித்தான். வீட்டில் எல்லோரும் ஆனந்தனை நினைத்தோம். ஒருவரும் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காள் மாத்திரம், "நீ ஒருக்கால் போய் நின்று பார், தம்பி," என்றாள்.

டோவர் நகரத்துக் கடற்கரை கூழாங்கற் கரை. வெறுங்காலோடு நடப்பவர் ஒவ்வோரடிக்கும் முகத்தைச் சுளிப்பர். பின்னே வெண்சுண்ணப் பாறைகள். முன்னே பெருஞ்சுவர்கள் வளைத்துக் கட்டிய துறைமுகம். அதன் ஒரு கோடியிலே பிரான்சுக்குச் செல்லும் கப்பல்கள் ஓயாது போவதும் வருவதுமாய் இருக்கின்றன. கரையோர உலாச்சாலையில் கப்டன் மத்தியூ வெப்பின் மார்பளவுச் சிலை ஒன்றைக் கண்டேன். உதவிக் கருவி எதுவுமின்றிக் கால்வாயை நீந்திக் கடந்த முதல்வர் அவர். 1875 ஒகஸ்டில் 21 மணித்தியாலம் 45 நிமிடம் அவர் நீந்தினார். பிரான்சுக் கரை கண்ணுக்கு எட்டிய பின்னும் நீரோட்டம் அவரை ஐந்து மணித்தியாலம் கரைசேர விடவில்லை. 21 மைல் அகலமான நீரிலே அவர் நீந்தியது ஏறக்குறைய 39 மைல் என்பர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். அக்கால்வாயின் நீரோட்டம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திசை மாறுவது. அமாவாசை, பூரணைகளை அடுத்த நாட்களில் அதன் வேகம் பெரிது. அரைச்சந்திரன் காலத்தில் அது தணிந்திருக்கும். ஆதலால் நீந்துவோர் பெரும்பாலும் தெரிந்தெடுப்பது அட்டமி, நவமியை அடுத்த நாட்களை. அட்டமி நவமியில் வேலிக்குக் கதியால் நாட்டவும் தயங்கும் நம்மவர் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

சனி, ஞாயிறு நாட்களில் இத்துறைமுகத்துக்குள்ளே பயிற்சி நடைபெறும். பிறீடா ஸ்றீற்றர் என்னும் அம்மையார் 1980 களில் தொடங்கிப் பல்லாண்டு காலம் இங்கே நீச்சல்காரரைப் பழக்கினார். அவருடைய மகள் அலிசன் 43 முறை கால்வாயைக் கடந்தவர் என்றால் தாயாரின் சொல்லுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். அம்மையார் இட்ட வழியிலேயே பயிற்சி தொடர்கின்றது. காலையில் நீச்சல்காரர் வரிசையாய் நிற்பர். கையுறை அணிந்த ஒருவர் கழுத்திலும் கமக்கட்டிலும் வசலின் அப்பிவிடுவார். பிறகு ஒவ்வொருவர்க்கும் 'நீ இரண்டு மணித்தியாலம், நீ நான்கு' என்று கட்டளை பிறக்கும். ஏன் என்று கேட்பார் இல்லை.

நீச்சல் உடை ஒன்று, தொப்பி ஒன்று, கண்ணாடி ஒன்று. கால்வாய் விதிகள் அனுமதிப்பது இவ்வளவே. குளிரைத் தடுக்கும் றப்பர் அங்கி ஆகாது. படகு பக்கத்திலே வரும். அதைத் தொட்டாற் கதை முடிந்தது. சூடான மாப்பானத்தைப் போத்தலிற் கட்டிக் கயிற்றால் எறிவர். மிதந்தபடியே குடிக்க வேண்டும். கால்வாயிற் கால் வைக்க முன்னர், 16 பாகைக்கு மேற்படாத நீரில் ஆறு மணித்தியாலம் தொடர்ந்து நீந்தியதாகச் சான்று காட்ட வேண்டும்.

பதினாறு பாகை என்றால் நமக்கு விளங்காது. பங்குனி மாதத்துப் பாக்குநீரிணை 28, 29 பாகையில் இருக்கும்; நம் உடலின் சூடு 37. கால்வாய் நடு ஒகஸ்டிலே கூட 17 பாகையளவுதான். ஜூன் தொடக்கத்தில் 13. காற்றிலும் பார்க்க நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். நம் மொழியிலோ நீருக்குத் 'தண்ணீர்' என்றே பெயர். உள்ளம் குளிர்ந்தது, கண் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்றெல்லாம் மகிழ்ச்சியைச் சொல்பவர் நாம். குளிரை வரமாகக் கருதிய மக்களுக்கு, குளிரும் கொல்லும் என்பதை எந்தக் கடற்கரை கற்றுக்கொடுத்திருக்கும்?

நான் அங்கு நின்ற சனிக்கிழமை ஜூன் மாதத்து முதற் கிழமை. மருமகனுக்கு இடப்பட்டது நான்கு மணித்தியாலம். முதல் நிமிடம் மிகவும் கொடியது என்று முன்னரே சொல்லியிருந்தான். குளிர்நீர் மார்பைத் தொட்டதும் மூச்சு தன்வசத்தில் இராது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும். அந்த வேளையில் முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குட் செல்வது கடல்தான். இதற்கு மருந்து பழக்கமே. சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கியெழுந்தால் அத்திடுக்கீடு பெரிதும் தணிந்துவிடும் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆனால் திடுக்கீடு தணிவதும் உடல் குளிராமல் இருப்பதும் வேறு. கைகால்கள் மெல்ல மெல்ல மரத்துப்போகும். அதன் பின்னரே நெஞ்சுக்குள் இருக்கும் சூடு இறங்கத் தொடங்கும். அந்த இரண்டாவது குளிரைத் தாங்குதற்கு மாதக்கணக்கிற் பழக வேண்டும். உடலிற் கொழுப்பும் சேர்க்க வேண்டும். மருமகன் பத்துக் கிலோ கூட்டியிருந்தான். அக்காள் பிட்டும் முட்டைப் பொரியலுமாய்க் கொட்டி வளர்த்ததை வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பயிற்சியாளர் பாராட்டினாராம்.

கரையில் நின்ற பயிற்சியாளர் ஓர் அம்மையார், அறுபது வயதிருக்கும். கையில் நேரக்கணிப்பான். மருமகனின் கை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை நீரில் விழுகின்றதென்று எண்ணிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் 62. மூன்றாவது மணித்தியாலம் நிறையும்போது 53. இடையிற் பானம் அருந்த இடுப்பளவு நீருக்கு வந்தவனிடம், இதுவரை எத்தனை முறை குடித்தாய் என்று கேட்டார். அவன் சிரித்தான், சொல் குழறியது, விடை வரவில்லை. "வெளியே வா" என்றார். அவன் மறுத்தான். இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை; இருவர் நீருக்குள் இறங்கி அவனைத் தாங்கிக்கொண்டு வந்தனர்.

கரையேறிய பின்பே நான் அஞ்சியது. நீரிலிருந்தபோது நடுங்காத உடல் கரையில் நடுங்கிற்று. தேநீர்க் குவளையைப் பிடிக்க மாட்டாமற் பாதிக்கு மேற் சிந்தினான். தோலிலும் கைகாலிலும் தேங்கிய குளிர்ந்த இரத்தம் நெஞ்சை நோக்கித் திரும்பும்போது உடற்சூடு மேலும் இறங்குமாம். ஆதலால் ஈரத்தைத் துவாயால் ஒற்றியெடுத்து, உலர்ந்த ஆடையும் கம்பளித் தொப்பியும் அணிவித்து, காற்றுப் படாமல் இருத்திவைப்பர். சுடுநீரில் குளிக்கவைத்தல் ஆபத்து. தோலுக்கு ஓடிவரும் இரத்தத்தால் மயக்கம் உண்டாகும். நான் அவன் கைகளைத் தேய்த்துச் சூடேற்ற முனைந்தபோது அம்மையார் மெல்ல என் கையை விலக்கினார்.

முக்கால் மணி நேரம் சென்று முகத்தில் நிறம் வந்தது. "மாமா, நான் நல்லாத்தான் இருந்தனான். ஏன் என்னை எடுத்தவை?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான், பயிற்சியாளரின் கேள்வியோ, தன்னைத் தாங்கி வந்ததோ அவன் நினைவில் இல்லை.

அந்தக் கணத்தில் என் பழைய முள் சற்று அசைந்தது. நம் கடலில் நீச்சல்காரன் களைத்தால் களைப்பை அவனே அறிவான், தாகத்தை அறிவான், வெயிலை அறிவான். நோவு ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசும். நோவைப் பொறுப்பதே வீரம். குளிர்க்கடலிலோ நோவு முதலிற் பேசிப் பின்னர் ஊமையாகிவிடுகின்றது. உடலுக்கு முன்னே அறிவு மயங்குவதால், நன்றாய் இருக்கிறேன் என்று அவன் சொல்வதே அபாயத்தின் அறிகுறியாகலாம். 51 மணித்தியாலம் நோவைப் பொறுக்கக் கற்ற மன உறுதி, பாக்குநீரிணையில் ஒரு மனிதனைக் கரைசேர்க்கும். அதே உறுதி மற்றக் கடலிலே அவனுக்குத் துணையா, பகையா? அதனாற்போலும், அங்குள்ள பயிற்சியில் நீந்தக் கற்பிப்பதிலும் பார்க்க, கரையில் நிற்பவர் சொல்லுக்குப் பணியக் கற்பிப்பதே பெரிதாய் இருக்கின்றது.

மறுநாள் ஞாயிறு. மருமகன் மீண்டும் வரிசையில் நின்றான். அம்மையார் அவனை ஏற இறங்கப் பார்த்து, "இரண்டு மணித்தியாலம்" என்றார். அவன் வாய் திறக்கவில்லை. ஜூன் கடைசியில் ஆறு மணித்தியாலச் சான்று கிடைத்தது. ஒகஸ்டிலே, பதினைந்து மணித்தியாலத்துக்குச் சற்று மேல் நீந்திப் பிரான்சுக் கரையைத் தொட்டான். திரும்பி வந்து, டோவரில் 'வெள்ளைக் குதிரை' என்னும் பழைய மதுச்சாலையின் சுவரிலே, கால்வாய் வீரர்கள் கையெழுத்திடும் வழக்கப்படி, தன் பெயரைத் தமிழில் எழுதினான். படகிலிருந்து அந்த இரவை நான் கழித்த விதத்தை விவரிக்கப் போவதில்லை. அக்காளுக்கும் முழுவதையும் சொன்னேனல்லேன்.

அடுத்த சித்திரையில் அவன் வல்வெட்டித்துறைக்கு வந்தான். ஆழிக்குமரன் நீந்திய கடலைத் தானும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். போர்க்காலத்திலே பல்லாண்டுகள் இந்தக் கடல் ஊரார்க்கே அடைபட்டுக் கிடந்தது. பாருக்கு அப்பால் நீந்துவது என்ற பேச்சே எழாத தலைமுறை ஒன்று இங்கு வளர்ந்தது. ஆதலால் 2021 ஏப்ரலில் றொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் 28 மணித்தியாலங்களில் நீந்தி மீண்டபோது, அரை நூற்றாண்டுக்கு முந்திய ஆனந்தனின் பெயர் வீடுதோறும் மீண்டும் பேசப்பட்டது. அந்தப் பேச்சு இலண்டன் வரை எட்டியிருந்தது.

கால்வாயை வென்றவனுக்கு இந்த வெந்நீர் எம்மாத்திரம் என்று உறவினர் பலரும் எண்ணினர். நான் அப்படி எண்ணவில்லை. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்துப் புஜைராவிலே நடந்த 10 கிலோமீற்றர் பந்தயத்தில், பிரான் கிறிப்பன் என்னும் அமெரிக்க வீரர் வெப்பமான கடலில் நீந்திக்கொண்டிருக்கையில் இறந்தார். உலகத் தரமுடையவர், இளைஞர். அதன் பிறகே 31 பாகைக்கு மேற்பட்ட நீரிற் பந்தயம் நடத்தலாகாதென்று விதி வகுத்தனர். நீருக்குள் வியர்ப்பதை எவரும் உணர்வதில்லை. உடல் உழைத்து உண்டாக்கும் சூட்டை வாங்கிக்கொள்ள வெந்நீர் மறுக்கும். குளிருக்கென்று சேர்த்த கொழுப்போ அச்சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும்.

காலை எட்டு மணிக்கு வல்வெட்டித்துறையிலிருந்து தொண்டைமானாற்றை நோக்கிக் கரையோரமாக நீந்தத் தொடங்கினான். துணைக்கு வந்த வள்ளக்காரர் எழுபதை நெருங்கியவர், நேரக்கணிப்பான் கிடையாது, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு அவன் கையையே பார்த்திருந்தார். ஒன்றரை மணித்தியாலம் சென்றதும் எஞ்சினை நிறுத்தி, "தம்பி, ஏறும்" என்றார். மருமகன் தலையைத் தூக்கி, தான் நன்றாய் இருப்பதாகச் சொல்ல வாய் எடுத்தான், என்னைப் பார்த்தான், பேசாமல் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். முகம் செம்பருத்திபோற் சிவந்திருந்தது. கிழவர் அவன் தலையிற் குடிநீரை ஊற்றி, உப்பிட்ட மோரைக் கொடுத்தார்.

"வெயில் ஏற முந்தி முடிக்கிற வேலையெல்லோ இது. நாளைக்குச் சாமம் ரண்டு மணிக்கு வாரும்," என்றார்.

மறுநாட் சாமத்தில் காற்று ஒரு சிறிதும் இல்லை. மருமகனின் தொப்பியிற் பச்சை வெளிச்சக் குச்சி ஒன்றைக் கட்டி அனுப்பினோம். கருநீரில் அந்தப் பச்சை ஒரே சீராய் ஏறியிறங்கிச் சென்றது. கிழவர் எஞ்சினை முடக்கிவிட்டுத் துடுப்பைக் கையிலெடுத்தார். எஞ்சின் இரைச்சலிற் கை விழும் சத்தம் கேளாதாம்.